கைவிடப்பட்ட துபாஷிகள்

போர்க்களத்தில் பெரும்பாலும் ஆயுதம் இல்லாமலேயே முன்வரிசையில் நடப்பவர் யார் தெரியுமா? மொழிபெயர்ப்பாளர்தான்.

2003-ல் ஈராக்கில் நுழைந்த அமெரிக்கப் படையில் அரபி தெரிந்தவர்கள் மிகக் குறைவு. சோதனைச்சாவடியில் ஒருவரை நிறுத்தி விசாரிக்கக்கூட உள்ளூர்க்காரர் துணை தேவைப்பட்டது. ஆயிரக்கணக்கான ஈராக்கியர்கள் அந்த வேலையில் சேர்ந்தார்கள். பலர் முகத்தை மூடிக்கொண்டு, பெயரை மாற்றிக்கொண்டு வேலை பார்த்தார்கள். ஆயுதக் குழுக்களுக்கு அவர்கள் துரோகிகள். அடையாளம் தெரிந்தால் மரணம்தான்.

வேலை வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்? 2006-ல் வந்த அமெரிக்கச் சட்டம் ஈராக், ஆப்கானிஸ்தான் இரண்டுக்கும் சேர்த்து மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஆண்டுக்கு வெறும் 50 விசா கொடுத்தது! ஃபல்லூஜாவில் பணியாற்றித் திரும்பிய கிர்க் ஜான்சன், ஆபத்தில் இருந்த ஈராக்கியர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டு 2007-ல் அரசிடம் கொடுத்துப் போராடினார். 2008-ல் ஈராக்கியர்களுக்கு ஆண்டுக்கு 5,000 விசா என்று சட்டம் மாறியது.

ஆனால் எண்ணிக்கை கூடியதே தவிர, வரிசை நகரவில்லை. மேலதிகாரியின் சிபாரிசுக் கடிதம், வேலை பார்த்ததற்கு அத்தாட்சி, தூதரக ஒப்புதல், பின்னணி விசாரணை... கடிதம் தரவேண்டிய அதிகாரி எப்போதோ நாடு திரும்பியிருப்பார். அந்தக் கடிதம் வீட்டில் இருப்பது வெளியே தெரிந்தாலோ தலை போய்விடும். காப்பாற்றவேண்டிய காகிதமே காட்டிக்கொடுக்கும் காகிதமாகவும் இருந்தது.

ஆப்கானிஸ்தானிலும் இதே கதை. 2008-ல் கஜ்னியில் நடந்த சண்டையில் மேட் ஜெல்லர் என்ற அமெரிக்க அதிகாரியின் உயிரைக் காப்பாற்றியவர் மொழிபெயர்ப்பாளர் ஜானிஸ் ஷின்வாரி. அவர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது 2013-ல்! விண்ணப்பங்களை 9 மாதத்தில் முடிக்கவேண்டும் என்று பிறகு சட்டமே சொன்னது. அப்படியும் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

2021 ஆகஸ்ட் 15-ல் காபூல் தாலிபான் கைக்குப் போனது. அடுத்த இரண்டு வாரங்களில் 1,20,000-க்கும் மேற்பட்டோர் விமானத்தில் வெளியேற்றப்பட்டார்கள். விசாவுக்குக் காத்திருந்த பல்லாயிரம் பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள். பயத்தில் சிலர் அந்தச் சான்றிதழ்களைத் தங்கள் கையாலேயே எரித்தார்கள்.

வேறு வழியே இல்லையா? இருந்தது. பாஸ்ராவில் இருந்த டென்மார்க் படை 2007-ல் வெளியேறும் முன்பே, தன் மொழிபெயர்ப்பாளர்களையும் குடும்பத்தினரையும் சுமார் 200 பேரை விமானத்தில் ரகசியமாக அழைத்துக்கொண்டது. 1996-ல் வடக்கு ஈராக்கிலிருந்து சுமார் 6,600 பேரை, பெரும்பாலும் குர்துகளை, அமெரிக்காவே குவாம் தீவுக்குக் கொண்டுபோய் அங்கே வைத்து விசாரணையை நடத்தியது. முதலில் ஆளைக் காப்பாற்று, பிறகு காகிதத்தைப் பார். அவ்வளவுதான்.

படை எப்போது கிளம்பும் என்பது அரசுக்கு முன்கூட்டியே தெரியும். துபாஷியின் பயணத்தையும் அன்றே திட்டமிட்டிருக்கலாம்.