பீலித் தண்ணீரின் கதை

மலையகத்தின் நோய் வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் மன்னார் கரையிலிருந்தே தொடங்குவர். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து தோணியேறி வந்தோர் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதி கண்டு வழியிலேயே மாண்டோர் பலர். நோய் கூலியோடு கூடவே வருகிறது என்ற எண்ணம் அதிகாரிகளிடமும் துரைமாரிடமும் அப்போதே வேரூன்றிவிட்டது. வாந்திபேதி தண்ணீரில் பரவுவது என்று லண்டனில் ஜோன் ஸ்னோ 1854இலேயே வாதிட்டார். 1884இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் அதன் கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்டினார். ஆயினும் பின்னாளில் மண்டபம் முகாமில் ஆட்களைத் தடுத்துவைத்து, அம்மை குத்தி அனுப்புவதிலேயே கவனம் நின்றது. வாசலுக்குக் காவல் பலமாயிற்று. உள்ளே குடித்த தண்ணீரைப் பற்றிக் கேட்டவர் சிலரே.

அந்தத் தண்ணீர் பீலித் தண்ணீர். மலைச்சரிவில் கசியும் ஊற்றை மூங்கிலிலோ தகரத்திலோ ஏந்தி வடியவிடுவதே பீலி. ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளின் அடிநிலம் வெடிப்புகள் நிறைந்த பழம்பாறை. மேல்மண் தடிப்பாக உள்ள இடத்தில் மழைநீர் மெல்ல வடிகட்டப்படும். மெலிந்த இடத்திலோ மேலே கிடக்கும் மலக்கழிவையும் சுமந்து வெடிப்பு வழியே விரைந்து இறங்கும். ஆகவே, கண்ணாடிபோல் தெளிந்த ஊற்றிலும் ஈ.கோலை இருக்கலாம். நெருப்புக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் இவ்வழியாகவே லயத்துக்குள் நுழைகின்றன. ஒரு லயத்தின் மலசலகூடம் அதற்குக் கீழுள்ள லயத்தின் ஊற்றுக்கு மேலே அமைந்துவிடுவது சரிவுநிலத்தில் எளிதில் நேர்வது.

இதை அரசு அறியாமல் இல்லை. தோட்ட மருத்துவத்துக்கென 1872இலேயே சட்டம் பிறந்தது. 1916இல் ரொக்கபெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். அது கிருமியன்று, புழு. பரவுவதும் தண்ணீரால் அன்று, மலம் கலந்த மண்ணால். ஆனால் இரண்டுக்கும் மருந்து ஒன்றே: ஒழுங்கான மலசலகூடம். மருந்து குடித்துத் தேறியவர்கள் அதே மண்ணை மிதித்து மீண்டும் நோயுற்றனர். மலசலகூடம் கட்டும் செலவுக்குப் பல தோட்டங்கள் தயங்கின. தொழிலாளிக்கு மருந்து புகட்டுவது மலிவு, நிலத்தைச் சீர்செய்வது செலவு. கணக்கு அவ்வளவுதான் என்பது என் கருத்து.

சுதந்திரத்துக்குப் பின் இக்கணக்கு வேறு உருவெடுத்தது. 1948இன் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1987இன் பிரதேச சபைச் சட்டமோ, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் தம் நிதியைச் செலவிடத் தடையாய் நின்றது. வாக்குரிமை மீண்ட பின்னரும், தாம் வாக்களித்துத் தெரிந்த சபையிடம் ஒரு குழாய் கேட்க வழியில்லாதிருந்தது! 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. தண்ணீர் அவர்கள் பொறுப்பா, அரசின் பொறுப்பா என்ற இழுபறி தொடர்ந்தது. 2018இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது.

ஊற்றைக் காப்பதற்குப் பெரும் பொறியியல் வேண்டியதில்லை. கண்ணைச் சுற்றி மூடிய கொங்கிரீட் தொட்டி, மேற்புறம் மழைநீரைத் திருப்பும் ஒரு கான், ஆடுமாடு ஏறாத வேலி, சரிவின் மேலே மலக்குழி இல்லாத நிலம். முதல் மூன்றும் சில மூட்டைச் சீமெந்தோடும் சில நாள் உழைப்போடும் முடியும். நான்காவதற்கு நிலம் வேண்டும்; அந்த நிலம் இன்றும் லயத்தில் வாழ்பவருடையதன்று.