பந்தயக் காருக்கு முன்னாடியே வந்து நிற்கும் ஆம்புலன்ஸ்: சோழவரம் முதல் கொடைக்கானல் மலைப்பாதை வரை

2025 ஜனவரியில் துபாயில் பயிற்சியின்போது நடிகர் அஜித்குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்ற வீடியோவை நீங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. கார் நொறுங்கிப் போச்சு. அவர் கதவைத் திறந்து இறங்கி நடந்து வந்தார். சில நாளில் அவர் அணி 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது.

அதைப் பார்த்த எல்லாரும் "கடவுள் காப்பாத்தினார்" என்றார்கள். இருக்கட்டும். பழனி மலையடிவாரத்தில் அரசு மருத்துவமனை கேசுவாலிட்டியில் டியூட்டி பார்க்கிற எனக்கு வேறொரு கேள்வி வந்தது. அதில் பாதி வேகத்தில் மோதிய டூரிஸ்ட் கார்களில் இருந்து நாங்கள் ஏன் உடல்களை இறக்குகிறோம்?

பதில் தேடினால் அது ஒரு வரலாறாகப் போகுது. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு வாங்க.

முதலில் ஒரு சொல். டூரிங் கார் பந்தயம் என்றால், ஃபார்முலா கார் மாதிரி சக்கரம் வெளியே தெரியும் வண்டி இல்ல. நாம் ரோட்டில் ஓட்டுகிற நாலு கதவு, கூரை உள்ள காரையே மாற்றியமைத்து ஓட்டுவது. நம்ம ஊரில் சலூன் கார் ரேஸ் என்பார்கள்.

தமிழ்நாட்டில் இதன் தாய்வீடு சோழவரம். சென்னைக்கு வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமானம் இறங்கப் போட்ட ஓடுதளம். போர் முடிந்தது, விமானம் போனது, தார்ப்பட்டை மிஞ்சியது. 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கிய பிறகு அந்தப் பட்டைதான் பந்தயத் தடம். ஃபியட், அம்பாசடர், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்று வீட்டு வாசலில் நிற்கும் கார்கள் அங்கே சீறும். ஆயிரக்கணக்கில் கூட்டம். பழைய மெட்ராஸ்காரர்களிடம் கேட்டுப் பாருங்க, பிப்ரவரி மாச சோழவரம் என்றதும் கண் மின்னும்.

ஆனால் அந்தக் காலத்தில் பந்தயத் தடத்தின் பாதுகாப்பு என்பது உலகம் முழுக்கவே வைக்கோல் கட்டுதான். நம் சாலைக் கார்களில் முன் சீட்டுக்கு பெல்ட் கட்டாயம் ஆனதே 1990களில்தான். டாக்டர் என்பவர் எங்கோ ஓரத்தில் பையோடு உட்கார்ந்திருப்பார். ஏதாவது ஆனால் கூப்பிடுவாங்க.

இந்த "ஆனால் கூப்பிடுவாங்க" என்பதை மாற்றியது ஒரு மரணம். 1978 செப்டம்பர், இத்தாலியின் மோன்சா. தொடங்கிய சில நொடிகளில் பல கார்கள் மோதி, ரோனி பீட்டர்சன் என்ற ஸ்வீடன் வீரரின் காரில் தீ. வெளியே இழுத்தபோது நினைவோடுதான் இருந்தார். இரண்டு காலிலும் எலும்பு முறிவுகள். ஆம்புலன்ஸ் வரப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. போலீஸ் வளையம் போட்டிருந்ததால் பந்தய மருத்துவரான சிட் வாட்கின்ஸே நெருங்க முடியவில்லை. மறுநாள் காலை பீட்டர்சன் இறந்தார். காரணம் ஃபேட் எம்பாலிசம். நீண்ட எலும்பு உடையும்போது மஜ்ஜையில் இருக்கிற கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலையும் மூளையையும் அடைக்கும். "கால்தானே உடைஞ்சிருக்கு" என்று யாராவது சொன்னால் எங்களுக்கு வயிற்றைப் பிசைவது இதனால்தான்.

லண்டன் நரம்பியல் அறுவை நிபுணரான வாட்கின்ஸ் அதன்பின் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியது எளிமையான விஷயம். முதல் சுற்றில் பந்தயக் கார்களுக்குப் பின்னாலேயே டாக்டரின் கார் வரும். மருத்துவக் குழு தயாராக இல்லையென்றால் பந்தயம் இல்லை. அதாவது விபத்துக்குப் பிறகு டாக்டரைத் தேடுவதில்லை. டாக்டர் வந்த பிறகுதான் வண்டியே கிளம்பும்.

அடுத்தது கழுத்து. உடம்பை பெல்ட் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் பாயும், மண்டையோட்டின் அடித்தளம் பிளக்கும். ராபர்ட் ஹப்பர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர், பந்தய வீரரான தன் மைத்துனரோடு சேர்ந்து 1980களில் ஒரு தோள்பட்டைக் கவசம் செய்தார். ஹெல்மெட்டை அதோடு பட்டையால் கட்டிவிடுவார்கள். பெயர் ஹான்ஸ். இருபது வருஷம் பெரும்பாலான வீரர்கள் "கழுத்தைத் திருப்ப முடியலை" என்று ஒதுக்கினார்கள். 2001இல் டேல் எர்ன்ஹார்ட் அதே மண்டையோட்டு முறிவில் இறந்த பிறகுதான் கட்டாயம் ஆனது. நம்ம ஊர் ஹெல்மெட் கதையும் இதே கதைதான், சாக்குப்போக்கு உட்பட.

இங்கே சோழவரம் 1990இல் ஓய்ந்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே கட்டிய 3.7 கிலோமீட்டர் தடம் வந்தது. கோவை கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து மலிவான பந்தயக் கார் செய்து, பணக்காரர் விளையாட்டை நடுத்தரப் பையன்களுக்கும் கொஞ்சம் திறந்துவிட்டிருந்தார். 1995இல் ஒரு சிறு விமான விபத்தில் போய்விட்டார். கோவை செட்டிபாளையம் தடத்துக்கு அவர் பெயர்தான்.

தடம் கட்டிவிட்டால் மரணமே இல்லையா? இருக்கு. 2023 ஜனவரி 8, இதே இருங்காட்டுக்கோட்டையில் தேசிய கார் பந்தய சாம்பியன்ஷிப்பின் இரண்டாம் சுற்று. சலூன் கார் பந்தயத்தில் மூத்த வீரர் கே.இ. குமாரின் கார் இன்னொரு காரோடு உரசி, தடத்தை விட்டு விலகி, வேலியில் மோதிக் கவிழ்ந்தது. உடனே சிவப்புக் கொடி. சில நிமிடத்தில் வெளியே எடுத்து, தடத்தின் மருத்துவ மையத்தில் முதலுதவி கொடுத்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். காப்பாற்ற முடியவில்லை. வயது 59. எல்லாம் இருந்தும் ஒருவர் போனார். எதுவுமே இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு இப்போ வரேன்.

ஆஸ்திரேலியாவில் டூரிங் கார் சாம்பியன்ஷிப் 1960இல் தொடங்கியபோது ஊர்ச்சாலைகளை மூடித்தான் ஓட்டினார்கள். நூ பிளாஸ் என்ற அந்தத் தடம் ஒரு மனநல மருத்துவமனையைச் சுற்றிப் போகும் சாலை! அதற்குப் பக்கத்து ஊர் பாதர்ஸ்ட். அங்கே மவுன்ட் பனோரமா என்ற குன்றின்மேல் 1938இல் சுற்றுலாவுக்கென்று போட்ட சாலை இன்றைக்கும் உலகப் புகழ் பெற்ற டூரிங் கார் தடம். 6.2 கிலோமீட்டர், 174 மீட்டர் ஏற்ற இறக்கம். 1992இல் அங்கே ஓட்டிக்கொண்டிருந்த முன்னாள் உலக சாம்பியன் டென்னி ஹல்முக்கு ஓட்டும்போதே மாரடைப்பு. அந்த நிலையிலும் காரை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் உயிரை விட்டார். வயது 56.

இந்த மலைச்சாலை மற்ற நாட்களில் சாதாரண மக்கள் போகும் வழி. வேக வரம்பு 60. பந்தய நாளில் மட்டும் மூடி, ஒவ்வொரு வளைவிலும் கொடியோடு ஆள் நிறுத்தி, ஆம்புலன்ஸ் நிறுத்திய பிறகு முன்னூறு கிலோமீட்டர் வேகத்துக்கு விடுவார்கள்.

இப்போ நம்ம மலைக்கு வாங்க. 1845இல் மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் சமவெளி நோய்களுக்குப் பயந்து கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். டோலியிலும் குதிரையிலும் ஏறினார்கள். முதல் உலகப்போர்க் காலத்தில் மேஜர் லா பெயரால் வத்தலக்குண்டு பக்கத்து மலைப்பாதை மோட்டாருக்குத் திறந்தது. டம் டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி என்று ஐம்பது கிலோமீட்டர் ஏற்றம். பழனியிலிருந்து சவரிக்காடு வழியாக இன்னொன்று. இதுவும் சுற்றுலாச் சாலை, இதுவும் வளைவு. ஞாயிறு சாயங்காலம் இறங்குகிற பைக் கூட்டத்தைப் பார்த்தால் இங்கேயும் ஒரு சாம்பியன்ஷிப் நடக்குது. கொடி பிடிக்கத்தான் ஆள் இல்ல.

ஒரு கணக்கு. வேகம் இரட்டிப்பானால் மோதும் ஆற்றல் நாலு மடங்கு. 80இல் மோதுவது 40இல் நாலு தடவை மோதுவதற்குச் சமம். பந்தயக் காரில் அந்த ஆற்றலைக் கூண்டும் ஆறு முனை பெல்ட்டும் ஹான்ஸும் வாங்கிக்கொள்ளும். பின்சீட்டில் பெல்ட் போடாமல் மடியில் குழந்தையோடு உட்கார்ந்த அக்காவுக்கு அதை வாங்குவது அவங்க விலா எலும்பு.

பெரியவர் உடம்பில் ரத்தம் சுமார் ஐந்து லிட்டர். ஒரு தொடை எலும்பு உடைந்தால் வெளியே சொட்டுகூடத் தெரியாமல் ஒன்று, ஒன்றரை லிட்டர் உள்ளே இறங்கும். இடுப்பெலும்பு என்றால் இன்னும் மோசம். நுரையீரல் கிழிந்து காற்று அடைத்தால் நிமிடக் கணக்குதான். வாட்கின்ஸ் போராடியது இந்த நிமிடங்களுக்காக.

நம்மிடம் ஒன்றும் இல்லை என்று சொல்ல மாட்டேன். 2008இல் 108 வந்தது. 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' வந்தது. யார், எந்த ஊர் என்று கேட்காமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசுச் செலவில். அதனால் பிழைத்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கேன். 2024 மே முதல் வண்டிகளை எண்ண இ-பாஸும் இருக்கு. எந்த நாளில் எத்தனை வண்டி ஏறப்போகுது என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், பந்தய அமைப்பாளர் கேட்பதையே நாமும் கேட்கலாமே: கோடை விழா வாரத்தில் எந்த வளைவில் எத்தனை ஆம்புலன்ஸ் நிற்குது? மலைச்சரிவில் இருந்து ஆளைத் தூக்கப் பழகியவங்க எங்கே இருக்காங்க? வழி மறிபட்டால் யார் விலக்கி விடுவாங்க? பெரிய செலவு பிடிக்கும் கேள்விகள் இல்ல இதெல்லாம்.

அதுவரைக்கும் நீங்க செய்யக்கூடியது. ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். பிரேக்கையே மிதித்துக்கிட்டு வந்தால் சூடேறி ஒரு கட்டத்தில் பிடிக்காது. குறுகின இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் நின்று வழி விடணும், இது சட்டம். அடிபட்டவரைக் கையைப் பிடித்து இழுக்காதீங்க. தீயோ புகையோ இல்லையென்றால் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்து, பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க.

108க்குக் கூப்பிட்டால் "கொடைக்கானல் ரோட்டில் ஆக்சிடென்ட்" என்று மட்டும் சொல்லாதீங்க. பந்தயத் தடத்தில் ஒவ்வொரு கொடிக்காரர் மேடைக்கும் எண் உண்டு, அதைச் சொன்னால் வண்டி நேராக அங்கே வரும். நம்ம பாதையில் அந்த வேலையைச் செய்வது கிலோமீட்டர் கல்லும், வளைவுப் பலகையில் எழுதின எண்ணும். போகும்போதே அதைப் பார்த்து வைங்க, செல்போன் சிக்னல் கடைசியாக எங்கே கிடைத்தது என்பதையும் சேர்த்து.