சூதாட்டம் என்று உடைக்கப்பட்ட விளையாட்டுப் பெட்டி



திருவொற்றியூரில் என்னிடம் படித்த ஒருவர் இப்போது அமெரிக்காவில் இருக்கிறார். வீட்டில் பழைய பின்பால் இயந்திரம் ஒன்று வாங்கி, அதற்குள் குட்டிக் கட்டுமரமும் மீனவர் பொம்மைகளும் பொருத்திப் படம் அனுப்பினார். "சார், இதுக்கும் வரலாறு உண்டா?" என்று கேட்டிருந்தார். உண்டு. எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

இதன் மூலம் 18ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் ஆடிய பாகடெல். பலகை, ஆணிகள், குழிகள், பந்து, அவ்வளவுதான். 1871இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் மாண்டேகு ரெட்கிரேவ் என்பவர், பந்தை உந்தும் ஸ்பிரிங் கைப்பிடிக்குக் காப்புரிமை பெற்றார். 1931இல் சிகாகோவின் காட்லீப் நிறுவனம் 'பேஃபிள் பால்' பெட்டியைக் கொண்டுவந்தது. பொருளாதார மந்த காலம். ஒரு பென்னி போட்டால் பொழுதுபோகும், கூட்டம் மொய்த்தது.

பந்து ஓடத் தொடங்கியபின் பெட்டியைத் தட்டி ஆட்டுவதைத் தவிர ஆடுபவர் செய்ய எதுவும் இல்லை. ஆகவே இது சூதாட்டம், பிள்ளைகளின் காசைப் பிடுங்குகிறது என்று 1942இல் நியூயார்க் தடை செய்தது. மேயர் லா கார்டியா சம்மட்டியால் பெட்டிகளை உடைத்தார்.

1947இல் 'ஹம்ப்டி டம்ப்டி' இயந்திரத்தில் ஆறு ஃபிளிப்பர்கள் வந்தன. பொத்தானை அழுத்தினால் துடுப்பு பந்தைத் திருப்பி அடிக்கும். அதிர்ஷ்டம் போய்த் திறமை வந்தது. ஆனாலும் தடை 1976 வரை நீடித்தது. ரோஜர் ஷார்ப் என்ற எழுத்தாளர் நகர மன்றத்தார் முன் ஆடி, பந்து எந்த வழியில் போகும் என்று முன்கூட்டியே சொல்லி அதே வழியில் விட்டுக்காட்டினார். தடை நீங்கியது.

பொம்மைகள் பின்னால் பெரிதாக வந்தன. 1992இல் வந்த 'ஆடம்ஸ் ஃபேமிலி'யில் ஒரு கை வெளியே வந்து காந்தத்தால் பந்தைத் தூக்கும். 1997இன் 'மெடீவல் மேட்னஸ்' இயந்திரத்தில் கோட்டையே இடிந்து விழும். அதைப் பார்த்து, வீட்டில் வைத்திருப்பவர்களும் தங்களுக்குப் பிடித்த பொம்மைகளைப் பொருத்துகிறார்கள். இது கொலுப்படி அல்ல. சுமார் 80 கிராம் எஃகுப் பந்து பாய்கிற இடம். பந்தின் வழியை மறிக்காமல், மேல்கண்ணாடியில் இடிக்காமல் வைக்க வேண்டும்.

நம் வடசென்னையில் அந்தப் பெட்டியின் இடத்தில் இருந்தது கேரம் பலகை. "தெருமுனையில் உட்கார்ந்து வீணாப் போறான்" என்று திட்டு வாங்காதவர் உங்களில் எத்தனை பேர்? சென்னையின் மரிய இருதயம் இரண்டு முறை உலகச் சாம்பியன் ஆகி 1996இல் அர்ஜுனா விருது பெற்றார். 2024இல் புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார்.

ஒரு விளையாட்டை வெளியே நின்று பார்ப்பவருக்கு அதிர்ஷ்டமும் சோம்பேறித்தனமும்தான் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் திறமை தெரியும். பெற்றோராகிவிட்ட என் மாணவர்களே, பிள்ளையைத் திட்டும் முன் ஒரு ஆட்டம் கூட உட்கார்ந்து பாருங்கள்.

உங்கள் தெருவில் கேரம் பலகை எங்கே இருந்தது? கீழே எழுதுங்கள், படிக்கிறேன்.