பழைய வால்வு விரியலாக்கியும் கன றொக் ஒலியும்: வரலாற்று நோக்கில் ஒரு தேர்வு

வரலாறு என்றதும் கல்வெட்டும் செப்பேடும் நாணயமும் நம் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும், அண்மைக்கால வரலாற்றை ஆராய்வோர்க்குத் தொழிற்சாலைகளிற் பெருந்தொகையாக உற்பத்தியான பொருள்களும் சான்றுகளேயாகும். ஒரு பொருள் ஏன் அவ்வாறு ஆக்கப்பட்டது, ஆக்கியோர் கருதிய பயன் யாது, வாங்கியோர் அதனை எதற்குப் பயன்படுத்தினர் என்னும் வினாக்களுக்கு அப்பொருளே ஓரளவு விடை பகரும். இவ்வகையில் நோக்கத்தக்கதொன்று, மின் கிற்றாரின் ஒலியைப் பெருக்கும் வால்வு விரியலாக்கி.

ஹெவி றொக் எனப்படும் கன றொக் இசையின் தடித்த, உறுமும் ஒலியை விரும்புவோர் பலர் 1960களிலும் 1970களிலும் உற்பத்தியான விரியலாக்கிகளை இன்றும் தேடி வாங்குகின்றனர். அவற்றின் விலையோ பெரும்பாலும் முகப்பிலுள்ள பெயரையும் பொருளின் வயதையும் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றது. பெயரும் வயதும் தக்க அளவுகோல்களா? அவ்வொலி தோன்றிய வரலாற்றை நோக்குமிடத்து, அல்ல என்பதே விடையாகும். அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்து, அதன் துணைகொண்டு பழைய விரியலாக்கியொன்றை எவ்வாறு தேர்ந்துகொள்ளலாம் எனக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வால்வும் ஒலித்திரிபும்

1904ஆம் ஆண்டில் ஜோன் அம்புறோஸ் பிளெமிங் இரு மின்வாய்களைக் கொண்ட வெற்றிடக் குழாயை ஆக்கினார். 1906இல் அமெரிக்கரான லீ டி பொறெஸ்ற் அதனுள் நெய்யரி என்னும் மூன்றாவது மின்வாயைச் சேர்த்தார். நெய்யரியில் ஏற்படும் சிறிய மின்னழுத்த மாற்றம், குழாயினூடு செல்லும் மின்னோட்டத்திற் பெரிய மாற்றத்தை விளைவிக்கும். பழைய வானொலிப் பெட்டிகளின் பின்புறத்தே செந்நிறமாய் ஒளிர்ந்த வால்வுகள் யாவும் இத்தத்துவத்தின் வழிவந்தவையே.

ஒரு வால்வினாற் பெருக்கத்தக்க அளவிற்கு எல்லையுண்டு. அவ்வெல்லையைக் கடந்து அதனை இயக்கினால், ஒலியலையின் முடியும் அடியும் வெட்டுண்டு தட்டையாகின்றன. இதனால் மூலச் சுரத்துடன் புதிய மேற்றொனிகள் பல தோன்றுகின்றன. இதனையே ஒலித்திரிபு என்கிறோம். திரான்சிற்றர்ச் சுற்றுகள் பலவற்றில் இவ்வெட்டு சடுதியாக நிகழ்கின்றது. வால்வுச் சுற்றிலோ அது பெரும்பாலும் படிப்படியாக நிகழ்கின்றது. மென்மையாக மீட்டினால் தெளிவும், வன்மையாக மீட்டினால் உறுமலும் ஒரே கருவியிற் பெறக்கூடியதாயிருப்பது இதனாலேயே.

பொறியியலாளர் நோக்கில் ஒலித்திரிபு ஒரு குறைபாடு. இசைக்கலைஞரோ அக்குறையில் ஓர் அழகைக் கண்டனர். 1951இல் மெம்பிஸ் நகரிற் சாம் பிலிப்ஸ் பதிவுசெய்த ‘றொக்கற் 88’ என்னும் பாடலில், பழுதுற்ற விரியலாக்கியொன்றின் கரகரப்பே கிற்றாரின் ஒலியாக அமைந்தது. 1958இல் லிங்க் றே தமது ‘றம்பிள்’ என்னும் இசைக்காக ஒலிபெருக்கியின் கூம்பில் வேண்டுமென்றே துளையிட்டார். 1964இல் கிங்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் சிறிய விரியலாக்கியொன்றின் கூம்பைச் சவர அலகினாற் கீறினார். தற்செயலாய் நேர்ந்த பழுது, பதின்மூன்று ஆண்டுகளுள் திட்டமிட்டு ஆக்கப்படும் ஒலியாக மாறியமை இங்கு கவனித்தற்குரியது.

பென்டரிலிருந்து மார்ஷலுக்கு

கலிபோர்னியாவின் புலேர்ட்டன் நகரில் வானொலி திருத்தும் கடை நடத்திய லியோ பென்டர், 1946இல் தமது பெயரால் இசைக்கருவி நிறுவனமொன்றைத் தொடங்கினார். அவர் நாடியது தெளிந்த ஒலியையே. பேஸ் கிற்றாருக்கென 1952இல் அவரது நிறுவனம் வெளியிட்ட ‘பேஸ்மன்’ விரியலாக்கி, பின்னர் 10 அங்குல ஒலிபெருக்கிகள் நான்கினைக் கொண்டதாகத் திருத்தியமைக்கப்பட்டது. 1950களின் இறுதியில் வெளிவந்த அதன் 5 எப் 6 - ஏ என்னும் சுற்று, பேஸ் வாசிப்போரை விடச் சாதாரண கிற்றார் வாசிப்போரையே பெரிதுங் கவர்ந்தது.

இலண்டனின் மேற்கே, ஹான்வெல் என்னுமிடத்தில், மேளக் கலைஞரும் ஆசிரியருமான ஜிம் மார்ஷல் 1960இல் இசைக்கருவிக் கடையொன்றைத் திறந்தார். அமெரிக்க விரியலாக்கிகள் இங்கிலாந்தில் அரிதாகவும் விலைமிக்கனவாகவும் இருந்தன. எனவே, கடையின் திருத்துநரான கென் பிரான், டட்லி கிறேவன் என்னும் இளைஞரின் துணையுடன் பேஸ்மன் சுற்றை அடியொற்றி உள்ளூரிலேயே ஒன்றைச் செய்ய முற்பட்டார். 1962இல் உருவான அதுவே ஜே.ரி.எம். 45 எனப் பெயர் பெற்றது.

சுற்று ஏறத்தாழ ஒன்றாயினும் ஒலி ஒன்றாகவில்லை. அமெரிக்க நிலைமாற்றிகளுக்குப் பதிலாகப் பிரித்தானிய நிலைமாற்றிகள் பொருத்தப்பட்டன. முதற்படியில் ஈ.சி.சி. 83 என்னும் கூடிய பெருக்கமுள்ள வால்வு இடம்பெற்றது. 10 அங்குல ஒலிபெருக்கிகளைக் கொண்ட, பின்புறம் திறந்த பெட்டிக்குப் பதிலாக, செலெஸ்ரியன் நிறுவனத்தின் 12 அங்குல ஒலிபெருக்கிகள் நான்கினைக் கொண்ட, பின்புறம் மூடிய பெட்டி பயன்பட்டது. உள்ளூரிற் கிடைத்த உறுப்புகளே புதியதோர் ஒலியை ஈன்றன. வலு வால்வுகள் 5881 வகையிலிருந்து கே.ரி. 66 வகைக்கும், 1960களின் நடுப்பகுதியை அடுத்து ஈ.எல். 34 வகைக்கும் மாறின. சீராக்கி வால்வின் இடத்தைச் சிலிக்கன் இருவாயிகள் பெற்றன. முன்னைய மென்மை குன்றி, ஒலி இறுக்கமும் கூர்மையும் எய்தியது.

1965இல் த ஹூ குழுவைச் சேர்ந்த பீற் ரவுண்சென்டும் ஜோன் என்ற்விசிலும் மேலும் வலுவுள்ள கருவியை வேண்டினர். அதன் விளைவே 100 உவாற்று விரியலாக்கி. நான்கு ஒலிபெருக்கிகள் கொண்ட இரு பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றின் உச்சியில் விரியலாக்கியை வைக்கும் வழக்கமும் அக்காலத்தே தோன்றியது. 1966இல் எரிக் கிளப்ரன் ஜோன் மேயால் குழுவின் இசைத்தட்டில் மார்ஷல் கருவியை ஒலிப்பதிவுக் கூடத்தில் உரத்து இயக்கினார். அதே ஆண்டின் செப்ரெம்பரில் இலண்டன் வந்த ஜிமி ஹென்ட்றிக்ஸ் அதன் எல்லைகளை முற்றாகப் பரிசோதித்தார்.

பேர்மிங்ஹாமின் கனம்

கன றொக்கின் வரலாற்றிற் பேர்மிங்ஹாம் என்னும் தொழில்நகருக்குத் தனியிடமுண்டு. அங்கு உலோகத் தகட்டுத் தொழிற்சாலையொன்றிற் பணியாற்றிய ரொனி அயோமி, 1965இல் தமது பதினேழாவது வயதில், வலக்கையின் இரு விரல்நுனிகளை இயந்திரத்திற்குப் பறிகொடுத்தார். இடக்கையால் மீட்டுபவரான அவருக்கு நரம்புகளை அழுத்தும் கை அதுவே. செயற்கை விரல்நுனிகளை அணிந்து, மெல்லிய நரம்புகளைப் பூட்டி, காலப்போக்கிற் சுருதியையுந் தாழ்த்தி அவர் வாசித்தார். அதே நகரில் லின்டன் லேனி 1967இல் தொடங்கிய நிறுவனத்தின் 100 உவாற்று விரியலாக்கிகளையும், உயர் மீடிறன்களை மிகைப்படுத்தும் சிறு கருவியொன்றையும் அவர் இணைத்துப் பயன்படுத்தினார். 1970 பெப்ரவரியில் வெளிவந்த பிளாக் சபாத் குழுவின் முதலாவது இசைத்தட்டு இவ்வாறு பிறந்ததே. அதன் கனத்திற்குக் கருவி மட்டுமன்றிக் காயமுற்ற ஒரு தொழிலாளியின் விரல்களும் காரணமாயின என்பதை மறத்தலாகாது.

இதற்கு மாறானதோர் எடுத்துக்காட்டும் உண்டு. டேவ் றீவ்ஸ் உருவாக்கிய ஹைவாற் விரியலாக்கிகள், இராணுவக் கருவிகளை ஒத்த நேர்த்தியான கம்பியிணைப்பிற்கும் பாட்றிட்ஜ் நிலைமாற்றிகளுக்கும் பெயர்பெற்றவை. அவை பேரொலியிலும் பெரிதும் தெளிவு குன்றாதவை. பென்டரின் ‘ருவின் றிவேர்ப்’ விரியலாக்கியும் அத்தகையதே. இரண்டும் பழையவை, புகழ்பெற்றவை, விலைமிக்கவை. எனினும், விரியலாக்கியே உறுமவேண்டுமென விரும்பும் ஒருவருக்கு அவை தாமாக அதனை எளிதில் வழங்கா.

1970களின் மாற்றங்கள்

தொடக்ககால மார்ஷல்களில் வலு வால்வுகளை எல்லைக்குத் தள்ளினாலன்றி நிறைவான திரிபு கிட்டாது. அதற்குச் செவியடைக்கும் ஓசை வேண்டும். 1975இல் வெளிவந்த 2203 என்னும் மாதிரியிற் பிரதான ஒலிக்கட்டுப்பாடு சேர்க்கப்பட்டது. இதனால் முன்படி வால்வுகளிலேயே திரிபை உண்டாக்கி, மொத்த ஓசையைத் தனியே குறைக்க முடிந்தது. கலிபோர்னியாவில் மெசா பூகி நிறுவனத்தை உருவாக்கிய றன்டல் சிமித்தும் முன்படிகளை அடுத்தடுத்துத் தொடுத்துத் திரிபைப் பெருக்கும் முறையைக் கையாண்டார். 1981இல் வெளிவந்த ஜே.சி.எம். 800 வரிசை அடுத்த தசாப்தத்தின் கன இசைக்கு அடிப்படையாயிற்று.

இதே காலத்தில், 1973-74 அளவில், மார்ஷல் நிறுவனம் கையினால் ஈயப்பற்று வைத்து இணைக்கும் முறையைக் கைவிட்டு அச்சிட்ட சுற்றுப் பலகைகளுக்கு மாறியது. சந்தையில் முன்னையவற்றுக்கே மதிப்பு மிகுதி. ஆயினும், கன றொக்கின் பல புகழ்பெற்ற ஒலிகள் பின்னையவற்றிலிருந்தே எழுந்தன. அரிய பொருள் வேறு, தேவைக்கேற்ற பொருள் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தேர்வும் திறனாய்வும்

வரலாற்று மாணவர் ஓர் ஆவணத்தை எடுத்ததும் புறத்திறனாய்வு, அகத்திறனாய்வு என்னும் இரண்டினையும் மேற்கொள்வர். பழைய விரியலாக்கிக்கும் இம்முறை பொருந்தும்.

புறத்திறனாய்வு அதன் மெய்ம்மையை நாடுவது. முகப்புத் தகட்டையும் பெயர்ப்பொறிப்பையும் எளிதில் மாற்றலாம். எனவே உள்ளுறுப்புகளையே நம்புதல் வேண்டும். அமெரிக்கக் கருவிகளின் கட்டுப்பாட்டுத் தடையிகளில் எண்களாற் பொறித்த குறியீடுண்டு. எடுத்துக்காட்டாக 1376522 என்பதில், 137 உற்பத்தி நிறுவனத்தையும், 65 ஆண்டையும், 22 வாரத்தையும் சுட்டும். அகழாய்வுக் குழியிற் கிடைக்கும் நாணயத்தைப் போன்றதே இதுவும். கருவி அத்திகதிக்கு முற்பட்டதன்று என்பதையே அது நிறுவும். அதே திகதியில் ஆக்கப்பட்டதென்பதை நிறுவாது. நிலைமாற்றிகள், ஒலிபெருக்கிகள் என்பவற்றின் குறிகளும் ஒன்றோடொன்று இயைகின்றனவா என ஒப்புநோக்குதல் அவசியம். இவற்றுள் நிலைமாற்றிகளே முதன்மையானவை. வால்வை மாற்றலாம்; மூல நிலைமாற்றி எரிந்துபோயின் கருவியின் குரலும் மதிப்பும் ஒருங்கே பாதிப்புறும்.

அகத்திறனாய்வு அது தரும் செய்தியை நாடுவது. எத்தகைய திரிபு வேண்டும், எவ்வளவு ஓசை தகும் என்பவற்றை முதலில் தீர்மானித்தல் வேண்டும். 100 உவாற்று, 50 உவாற்றினும் இருமடங்கு உரத்ததன்று. வேறுபாடு 3 டெசிபெல் மாத்திரமே. செவிக்கு இருமடங்காகத் தோன்றுவதற்கு ஏறத்தாழப் பத்துமடங்கு வலு வேண்டும். ஆகவே, சிறிய மண்டபத்தில் வாசிப்பவருக்கு 50 உவாற்று அல்லது அதனிலும் குறைந்த கருவியே விரைவில் உறுமத் தொடங்கும். பிரதான ஒலிக்கட்டுப்பாடு உள்ளதா இல்லையா என்பது ஆண்டைவிட முக்கியமானது.

வாய்மொழிச் சான்றுகளை ஆராயாது ஏற்றல் ஆபத்தானது. எடி வான் ஹேலன் 1978இல் வெளிவந்த தமது குழுவின் முதலாவது இசைத்தட்டிற் பழைய மார்ஷலொன்றைப் பயன்படுத்தினார். அதற்குச் செல்லும் மின்னழுத்தத்தை உயர்த்தியே அவ்வொலியைப் பெற்றதாக முற்காலத்திற் கூறிய அவர், உண்மையில் அதனைக் குறைத்தே இயக்கியதாகப் பின்னர் தெரிவித்தார். முன்னைய கூற்றை நம்பி மின்னழுத்தத்தை உயர்த்துபவர் கருவியை இழப்பது திண்ணம்.

உயிராபத்தும் இங்குண்டு. இக்கருவிகளின் உள்ளே 400 முதல் 500 உவோற்று வரை அழுத்தம் நிலவும். மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் கொள்ளளவிகளில் அது தேங்கிநிற்கும். பயிற்சியற்றோர் திறந்து கைவைத்தலாகாது. ஒலிபெருக்கியை இணைக்காது இயக்கின் வெளியீட்டு நிலைமாற்றி பழுதுறும். பல தசாப்தங்கள் கடந்த மின்பகுப்புக் கொள்ளளவிகள் உலர்ந்திருக்கும். அவற்றை மாற்றுதல் பழைமைக்கு இழைக்கும் குற்றமன்று, கருவியைக் காப்பதேயாகும். கழற்றிய உறுப்புகளையும் செய்த மாற்றங்களின் குறிப்பையும் கருவியுடன் பேணிவைப்பது, பின்வருவோர்க்குச் சான்றினை அழியாது கையளிப்பதாகும்.

வால்வுகளின் எதிர்காலமும் சிந்தனைக்குரியது. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. தொழிற்சாலை 1976இலும், பிரித்தானியாவின் மலார்ட் நிறுவனம் 1980களின் முற்பகுதியிலும், எம்.ஓ. வால்வு நிறுவனம் 1988இலும் இவ்வுற்பத்தியைக் கைவிட்டன. இன்று ரஷ்யா, சிலோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளிலுள்ள தொழிற்சாலைகளையே உலகம் பெரிதும் நம்பியிருக்கின்றது. 2022இல் ரஷ்ய ஏற்றுமதித் தடைபற்றிய செய்தி வெளிவந்தபோது வால்வுச் சந்தை தடுமாறியது. எளிதிற் கிடைக்கும் வால்வு வகையைக் கொண்ட கருவியைத் தேர்தல் அறிவுடைமையாகும்.

முடிவுரை

கன றொக்கின் ஒலியை எவரும் முன்கூட்டியே வரைந்து உருவாக்கவில்லை. தெளிந்த ஒலியை நாடிய ஒருவரின் சுற்று, இறக்குமதி விலைக்கு அஞ்சிய ஒரு கடை, உள்ளூரிற் கிடைத்த உறுப்புகள், விரலிழந்த ஒரு தொழிலாளி, எல்லையை மீறத் துணிந்த சில இளைஞர் ஆகியோரும் ஆகியனவும் சேர்ந்த சேர்க்கையே அது. அவ்விளைஞர் தம் காலத்தில் அருஞ்செல்வங்களைத் தேடியலையவில்லை; கைக்கெட்டிய கருவியை அதன் எல்லைவரை அறிந்து பயன்படுத்தினர். பழைய விரியலாக்கியை வாங்க விழைவோர் அவர்களிடமிருந்து கற்கவேண்டியதும் இதுவே. பெயருக்கு விலை கொடுப்பவர் ஒரு நினைவுச்சின்னத்தைப் பெறுவர். வரலாற்றை அறிந்து தேர்பவரே ஓர் இசைக்கருவியைப் பெறுவர்.