மொழியும் மரபும்: கருமத்தம்பட்டி நினைவூட்டும் பாடம்

அயல்மொழியைக் கற்பிப்போர் அம்மொழியினரின் வாழ்வு முறையையும் கற்பிக்க வேண்டும் என்பது இன்றைய கல்வியாளர் பலரின் கருத்து. நமது திருப்பணி வரலாற்றில் இக்கேள்வி பழமையானது.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் தமிழெழுத்துப் பயின்றார்; பின்னர் தமிழ்ச் சுவடிகளைத் திரட்டினார். தென்னிந்தியத் தெய்வங்களைக் குறித்து 1713இல் அவர் எழுதியனுப்பிய நூலை ஆலே நகரத்தார் அச்சிட விரும்பவில்லை. 1867இலேதான் அது சென்னையில் வெளிவந்தது. மிஷனெரிகள் மொழியைக் கற்பதை வரவேற்றோர், மரபை அறிவதற்குத் தயங்கினர்.

கொங்கு நாட்டிலும் இச்சிக்கல் எழுந்தது. 1846 அக்டோபர் 4இல் கருமத்தம்பட்டியில் கத்தோலிக்க ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட மரியோன் பிரேசிலாக், இந்நாட்டவரே குருக்களாதல் வேண்டும் என வற்புறுத்தினார். ஆயினும் இந்நாட்டுச் சடங்கு வழக்கங்களுள் எவற்றை ஏற்பது என்னும் வினா அவரது மனச்சான்றை வாட்டியது. இறுதியில் அவர் அப்பொறுப்பைத் துறந்தார். 1856இல் ஆப்பிரிக்கத் திருப்பணிக்கென ஒரு சபையை நிறுவினார்.

‘இல்லீங்க’ என்று மறுப்பிலும் மரியாதை சேர்க்கும் கொங்குத் தமிழை இலக்கண நூல் மட்டும் கற்பிக்காது. சபையாரிடமே நாம் அதனைக் கற்கவேண்டும். எனினும், யாரை எவ்வாறு அழைப்பது என்பதில் சாதி வேற்றுமையும் ஒளிந்திருத்தல் கூடும். ஆகவே ஊர் மரபை அன்போடு அறிவதும், அறிந்தபின் நற்செய்தியின் ஒளியில் அதனைச் சோதித்துப் பார்ப்பதும் நம் கடமையாகின்றன.