நாளைக்கும் தருவாங்களா?

போன வருடம் ஒரு நாள் எங்கள் மாலை வகுப்புக்கு நகரத்திலிருந்து ஒரு குழு வந்தது. பிள்ளைக்கு ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு பொட்டலம் சாம்பார் சாதம். வரிசையாக நிற்கவைத்து, பொட்டலத்தை நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லி படம் எடுத்துக்கொண்டார்கள். நல்ல மனிதர்கள்தான். யாரிடமும் முகம் சுளிக்கவில்லை. அவர்கள் வண்டி கிளம்பியதும் ஐந்தாவது படிக்கும் ஒரு பிள்ளை என்னிடம் வந்து, "அக்கா, நாளைக்கும் தருவாங்களா?" என்று கேட்டாள்.

தரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கேள்வி புதியதல்ல என்பதும் எனக்குத் தெரியும். நூற்றிருபது வருடத்துக்கும் மேலாக நம் சேரிப் பிள்ளைகள் கேட்டுவரும் கேள்வி அது. அதற்கு யார் யார் என்ன பதில் சொன்னார்கள் என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். களத்துக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் நாமும் பொட்டலம் கொடுத்துப் படம் எடுப்பவர்களாகவே நின்றுவிடுவோம்.

பசி எங்கிருந்து வந்தது?

1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமன்ஹீர், பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். நிலம் இல்லை, குடியிருக்கும் மனை கூடச் சொந்தமில்லை, பட்ட கடனுக்குப் பரம்பரையாகப் படியாள் வேலை என்று அவர் கண்டதை எல்லாம் அரசாங்கத்துக்கு எழுதி அனுப்பினார். அதன் விளைவுதான் 1892இன் நில ஆணை. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அதிலிருந்து வந்தது. அடுத்த ஆண்டு, 1893இல், பஞ்சமர் கல்விக்கு என்று தனியாக ஓர் ஆணை வந்தது. தனிப் பள்ளிகள், உதவித்தொகை, ஆசிரியர் பயிற்சி எல்லாம் அதில் இருந்தன.

அதுவரை ஊர்ப் பள்ளிக்கூடம் எங்கே நடந்தது? அக்கிரகாரத்தில், கோயில் மண்டபத்தில், சாவடியில். நம் பிள்ளைகள் அந்தத் தெருவிலேயே நடக்க முடியாதபோது பள்ளிக்குள் எப்படி நுழைவது? மாடு மேய்க்கப் போனால்தான் கஞ்சி என்ற நிலையில் இருந்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் அந்தக் கஞ்சியை யார் ஊற்றுவது? பிள்ளையின் பசிக்கும் நிலமில்லாத அப்பாவின் கூலிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தர்மம் செய்ய வந்தவர்கள் பிள்ளையின் பசியைப் பார்த்தார்கள். அப்பாவின் நிலத்தைப் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலரே.

ஊரூரில் ஒரு பள்ளி

1894இல் அடையாறு பக்கத்தில் ஊரூர் கிராமத்தில் பஞ்சமர் பிள்ளைகளுக்கு ஓர் இலவசப் பள்ளி தொடங்கப்பட்டது. தொடங்கியவர் பிரம்மஞான சபையின் தலைவர், அமெரிக்கரான கர்னல் ஆல்காட். பிறகு கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று பள்ளிகள் பெருகின. எழுத்து, கணக்கு, கொஞ்சம் ஆங்கிலம், சமையல் எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். முதல் பள்ளி பெசன்ட் நகரில் ஆல்காட் பெயரிலேயே இன்றும் இருக்கிறது.

இந்த உதவியை நான் சிறுமைப்படுத்தமாட்டேன். அந்தக் காலத்தில் நம் பிள்ளைக்கு ஒரு சிலேட்டைக் கொடுப்பதே பெரிய காரியம். ஆனால் கொடுப்பவரின் மனம் மாறினால் என்ன ஆகும்? ஆல்காட் 1907இல் இறந்தார். அவருக்குப் பின் சபையின் தலைவரானவர் அன்னி பெசன்ட். அவர் 1909இல் தாழ்த்தப்பட்டோர் உயர்வைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இந்தப் பிள்ளைகளின் உடலும் உணவும் வேறு மாதிரியானவை, பல தலைமுறைத் தூய உணவும் பழக்கமும் வந்த பிறகுதான் மற்ற பிள்ளைகளோடு உட்காரவைக்கலாம், அதுவரை தனிப் பள்ளிதான் சரி என்பது அந்தக் கட்டுரையின் சாரம். அண்ணல் அம்பேத்கர், காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்று விசாரித்து 1945இல் வெளியிட்ட நூலில் இதை நீளமாக எடுத்துக் காட்டியிருக்கிறார். தனிப் பள்ளி நடத்திய சபையின் தலைவரே, உங்கள் பிள்ளை எங்கள் பிள்ளை பக்கத்தில் உட்காரக் கூடாது என்கிறார். உதவி உண்டு, ஆனால் பக்கத்தில் உட்கார இடம் கிடையாது.

வாங்கியவர்கள் மட்டுமா நாம்?

இந்த வரலாற்றை எழுதுபவர்கள் பலர் கொடுத்தவர்கள் பெயரை மட்டும் எழுதுகிறார்கள். நம்மவர்கள் கைநீட்டி நின்ற கூட்டமாக மட்டும் அதில் வருகிறார்கள். இது பொய்.

ஆல்காட்டோடு சேர்ந்து நின்றவர் பண்டிதர் அயோத்திதாசர். 1898இல் இருவரும் இலங்கை சென்றார்கள், பண்டிதர் அங்கே பௌத்தம் தழுவினார். திரும்பி வந்து சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அந்த இதழைத் தாங்கியவர்களில் முக்கியமானவர்கள் கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கிய நம் தொழிலாளர்கள். தங்கள் கூலியிலிருந்து சந்தா கட்டினார்கள், சங்கம் வைத்தார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். இது தர்மம் அல்ல. தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே செய்துகொண்டது.

1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நன்கொடை திரட்டி நந்தனார் பெயரில் கல்விக் கழகமும் பள்ளியும் தொடங்கினார். நந்தன் உள்ளே நுழைவதற்குத் தீக்குளிக்க வேண்டியிருந்தது என்று சொல்லப்படும் அதே ஊரில், அவன் பெயரில் பள்ளி எழுந்தது. சென்னையில் எல்.சி. குருசாமி அருந்ததியர் குடியிருப்புகளில் இரவுப் பள்ளிகள் நடத்தினார். பகலில் வேலைக்குப் போகும் பிள்ளைக்குப் பகல் பள்ளியால் பயனில்லை என்பது உள்ளிருந்து வந்தவருக்குத்தான் உடனே புரியும்.

ஓர் அணா சாப்பாடு

1920 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்குச் சிற்றுண்டி, ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல். அப்போது மாநகராட்சித் தலைவர், நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர். அந்தப் பள்ளிப் பிள்ளைகள் பரம ஏழைகள், அதனால்தான் பள்ளியில் எண்ணிக்கை குறைகிறது என்று அவர் காரணம் சொன்னார்.

இதில் ஒரு பெரிய மாற்றம் நடந்துவிட்டது. முதல்முறையாகச் சாப்பாடு ஒரு கனவானின் பையிலிருந்து வராமல், மக்கள் கட்டிய வரியிலிருந்து வந்தது. திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்குப் போனது. அந்த ஐந்து பள்ளிகளில் 1922–23இல் 811 பேர் படித்தார்கள். 1924–25இல் 1,671 பேர். இரண்டே ஆண்டில் இரட்டிப்பு. 'இவர்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை' என்று காலங்காலமாகச் சொன்னவர்களுக்கு இந்த இரண்டு எண்கள் போதும்.

ஆனால் 1925 ஏப்ரல் 1ஆம் தேதியோடு அந்தச் சாப்பாடு நின்றது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவு செய்யக் கூடாது என்று வெள்ளை அரசாங்கம் தடுத்துவிட்டது. பிள்ளைகள் எண்ணிக்கையும் விழுந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான், 25 பள்ளிகளில் ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்கு என்று மறுபடி தொடங்கியது. அரசுப் பணம்தான், ஆனால் அதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அதனால் ஒரு கையெழுத்தில் நிறுத்த முடிந்தது.

அதே காலத்தில் சேரன்மாதேவி குருகுலத்தில் இன்னொரு பந்திப் பிரச்சினை வெடித்தது. வ.வே.சு. ஐயர் நடத்திய அந்தக் குருகுலத்துக்குக் காங்கிரசும் பொதுமக்களும் நிதி கொடுத்திருந்தார்கள். பிராமண மாணவர்களுக்குத் தனிச் சாப்பாடு என்று தெரிந்ததும் பெரியார் எதிர்த்தார், தமிழ்நாடே பேசியது. ஊரார் பணத்தில் நடக்கும் பள்ளியில் பந்தி பிரிக்க யாருக்கும் உரிமையில்லை என்ற வாதம் அங்கேதான் பலமாக எழுந்தது. அந்த விவாதம் பிராமணர், பிராமணர் அல்லாதார் என்ற கோட்டில் நடந்தது. சேரிப் பிள்ளைக்கு எந்த இலை என்ற கேள்வி அதன் மையத்துக்கு வரவில்லை.

ஊர் கொடுத்த நாலு காசு

1956இல் எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். முதலில் ஊர்மக்கள் கொடுத்த நன்கொடையில் நடந்தது. 1957இலிருந்து அரசும் சேர்ந்துகொண்டது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்றால் ஆறு காசு அரசு, நாலு காசு ஊர். கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி மக்களைக் கொடுக்கவைத்தார். நம் வீடுகளில் முதல் தலைமுறையாகப் படித்தவர்கள் பலர் அந்தச் சோற்றில் படித்தவர்கள். என் அம்மாவும்தான்.

அந்தச் சோற்றைப் பற்றி அம்மா இரண்டு விஷயம் சொல்லுவார். ஒன்று, அது இல்லையென்றால் தான் கையெழுத்துக்கூடப் போடமாட்டேன் என்பது. இன்னொன்று, வரிசையின் கடைசியில் உட்கார்ந்து, தட்டில் படாமல் மேலிருந்து விழும் சோற்றை வாங்கியது. இரண்டையும் ஒரே குரலில்தான் சொல்லுவார். நாலு காசு கொடுத்த ஊர், யார் எங்கே உட்கார வேண்டும் என்பதையும் சேர்த்தே தீர்மானித்தது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இதை மாற்றியது. செலவை அரசு ஏற்றது. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஊருக்கு ஊர் பெண்களுக்கு வேலை வந்தது. உடனே கேள்வியும் மாறியது. யார் சாப்பிடுவது என்பதோடு யார் சமைப்பது என்பதும் சேர்ந்துகொண்டது.

கரண்டி யார் கையில்?

மதிய உணவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில், எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு தர வேண்டும் என்றது. 2004 ஏப்ரலில் இன்னும் ஒரு படி போய், சமையலர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை கொடுக்கச் சொன்னது. தோழர்களே, இந்த வரியைப் பலர் கவனிப்பதில்லை. தலித் கை பிடித்த கரண்டியிலிருந்து எல்லாப் பிள்ளையும் சாப்பிட்டு வளர வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

இது லேசில் நடக்கவில்லை. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் அருந்ததியர் பெண் ஒருவர் சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் தடுத்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அந்த அம்மாவை இடம் மாற்றியதுதான். நம் தோழர்கள் போராடிய பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 2022இல் தொடங்கி 2023இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் போன காலை உணவுத் திட்டத்திலும் இதே கதை. கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில் தலித் பெண் சமைத்ததால் பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் சிலர் தடுத்தார்கள். ஆட்சியர் நேரில் போய், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும் என்று எச்சரித்தார்.

இது தனியார் அறக்கட்டளையின் சாப்பாடாக இருந்தால் யாரிடம் போய்ப் போராடுவது? 'எங்கள் பணம், எங்கள் விருப்பம்' என்று கதவைச் சாத்திவிடுவார்கள். அரசுப் பணமாக, சட்டமாக இருப்பதால்தான் சண்டை போட ஓர் இடம் இருக்கிறது.

நாம் என்ன செய்வது?

நன்கொடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் மாலை வகுப்பின் பாய், பல்பு, கரும்பலகை எல்லாம் யாரோ கொடுத்தவைதான். தங்கவயல் தொழிலாளர்கள் செய்ததுபோல நம் தெருவிலேயே மாதம் இருபது ரூபாய் கொடுக்கும் வீடுகளும் உண்டு. ஆனால் நன்கொடை உரிமையின் இடத்தில் போய் உட்காரக் கூடாது. பிள்ளையைப் படம் எடுப்பதற்கான விலையாகவும் அது ஆகக் கூடாது.

2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 6 முதல் 14 வயதுவரை அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குப் பள்ளி நாள்தோறும் இலவச மதிய உணவை உரிமையாக்கியிருக்கிறது. அதன்கீழ் வந்த 2015 விதிகள் இன்னும் தெளிவானவை. அரிசி இல்லை, விறகு இல்லை, சமையலர் வரவில்லை என எந்தக் காரணத்தால் சாப்பாடு நின்றாலும், மாநில அரசு அந்தப் பிள்ளைக்கு உணவுப் பாதுகாப்புப் படி கொடுக்க வேண்டும். தொடர்ந்து மூன்று பள்ளி நாள், அல்லது மாதத்தில் ஐந்து நாள் நின்றால், யார் பொறுப்பு என்று நடவடிக்கை எடுக்க வேண்டும். நாளைக்கும் தருவாங்களா என்ற கேள்விக்குச் சட்டத்தில் எழுதப்பட்ட பதில் இது. நம் தெருவில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அந்தக் குழு வந்துபோன சில மாதத்தில், அந்தப் பிள்ளையின் பள்ளியில் சமையலர் இல்லாமல் நாலு நாள் சாப்பாடு இல்லை. நான் பொட்டலத்துக்கு யாருக்கும் போன் போடவில்லை. சாயங்காலம் அம்மாக்களை உட்காரவைத்து அந்த விதியைப் படித்துக் காட்டினேன். மறுநாள் ஏழு பேர் மனு எழுதி எடுத்துக்கொண்டு வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குப் போனார்கள். முதல் கையெழுத்து அந்தப் பிள்ளையின் அம்மாவுடையது. பக்கத்துப் பள்ளி உதவியாளரை அனுப்பி அடுத்த நாளே அடுப்பு மூட்டினார்கள். நின்ற நாட்களுக்கான படியை இன்னும் வாங்கவில்லை. அதற்கு இரண்டாவது மனு போட்டிருக்கிறோம்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் இந்த மாதம் எத்தனை நாள் சாப்பாடு போட்டார்கள்? சமைப்பது யார்? பிள்ளைகள் ஒரே வரிசையில் உட்காருகிறார்களா? நாளைக்கே போய்ப் பாருங்கள்.

ஜெய்பீம்.