ஏழுமலையும் ஏடுகொண்டலுவும்

குழந்தை பிறந்த வீட்டில் முதலில் எழும் வழக்கு சொத்து வழக்கன்று, பெயர் வழக்கே. பாட்டனார் பெயரை இடுவதா, தாய்வீட்டார் நேர்ந்துகொண்ட தெய்வத்தின் பெயரை இடுவதா என்று கணவனும் மனைவியும் வாதிடுவது தமிழகமெங்கும் உள்ளதுதான். ஆயினும் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இவ்வழக்கிற்கு மற்றொரு முடிச்சும் உண்டு. எம்மொழியில் பெயரிடுவது என்பதே அது. வேற்று மாநிலங்களில் வாழும் நேயர்கள் இன்று எதிர்கொள்ளும் இவ்வினாவை, அந்நிலத்து மக்கள் பல நூற்றாண்டுகளாக எதிர்கொண்டு வந்திருக்கின்றனர்.

தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தைத் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகக் கூறுகிறது. ஆனால் எல்லை என்பது வரப்பைப் போன்ற ஒரு கோடன்று. அங்கே ஒரே தெருவில், ஏன், ஒரே வீட்டில் இரு மொழிகளும் வழங்கின. திருமலைக் கோயிலைச் சேர்ந்த கல்வெட்டுகள் ஆயிரத்திற்கும் மேற்பட்டவை. அவற்றுள் மிகப் பல தமிழில் அமைந்தவை. விசயநகர மன்னர் ஆட்சியிலும் அவ்வாறே.

அக்கல்வெட்டுகளுள் பழைமையான ஒன்று, 966 ஆம் ஆண்டினது எனக் கருதப்படுவது, ஓர் அரசியைப் பற்றியது. வெள்ளியாலான திருமேனி ஒன்றைக் கோயிலுக்கு அளித்த அவ்வரசிக்கு அதில் இரண்டு பெயர்கள் காணப்படுகின்றன: சாமவை என்பது ஒன்று, காடவன் பெருந்தேவி என்பது மற்றொன்று. முன்னது பிறந்த வீட்டார் இட்டதென்றும், பின்னது புகுந்த வீட்டில் வந்ததென்றும் கொள்வதில் தவறில்லை. இரண்டையும் கல்லில் வெட்டியவர்கள், ஒன்றை விட்டொழிக்கவேண்டும் என்று கருதவில்லை. இதனை நேயர்கள் நினைவில் கொள்க.

பாட்டனார் பெயரைத் தாங்குபவனாதலின் பெயரன். அதுவே பேரன் என மருவியது. அவ்வழக்கம் ஓர் இடர்ப்பாட்டையும் உடன்கொண்டு வந்தது. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாகாது என்பது பழைய மரபு. அப்படியாயின், தான் பெற்ற பிள்ளையை அவள் எவ்வாறு அழைப்பாள்? சித்தூரில் நாம் நன்கறிந்த ஓர் இல்லத்தில், கணவர் தமிழர். மனைவி தெலுங்கு மகள். தம் தந்தையாரின் பெயரான ஏழுமலை என்பதையே மகனுக்கு இடவேண்டும் என்று கணவர் உறுதியாக நின்றார். மனைவி பல நாள் இணங்கவில்லை. முடிவில் அவ்வம்மையாரே வழி கண்டார். தொட்டிலில் இட்டபோது பெயர் ஏழுமலை என்றே சொல்லப்பட்டது. மறுநாள் முதல் அவர் அழைத்ததோ ஏடுகொண்டலு! பொருள் ஒன்றே. மாமனாரின் பெயரும் நாவில் வரவில்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, இதனினும் சிறந்த மொழிபெயர்ப்பு ஒன்று இதுவரை வாய்த்ததில்லை.

இவ்விரு சொற்களும் அயலானவை அல்ல. தமிழில் ழகரம் நின்ற இடத்தில் தெலுங்கில் டகரம் நிற்கிறது. பழந்தெலுங்கிலும் ழகரம் இருந்து பின்னர் மறைந்தது. இவ்வாறே திருச்சானூர்த் தாயாரின் அலர்மேல்மங்கை என்னும் தமிழ்ப் பெயர், தெலுங்கில் அலமேலுமங்க என்றாயிற்று. தாளப்பாக்கம் அன்னமாசாரியர் (1408–1503) தம் தெலுங்குப் பாடல்களில் அப்பெயரையே போற்றினார். அவர் மகன் பெத்த திருமலாசாரியர். பேரன் சின்ன திருமலாசாரியர். ஒரே பெயரை இருவருக்கு இட்டு, பெரிய, சின்ன என்னும் அடைகளால் குழப்பம் தீர்த்துக்கொண்டனர்.

பெயருக்கு முன்னால் நிற்பது எது என்பதிலும் இரு மரபுகள் உண்டு. தெலுங்கர் ‘இன்டிபேரு’ எனப்படும் வீட்டுப் பெயரை முன்வைப்பர். தமிழர் தந்தை பெயரின் முதலெழுத்தை வைப்பர். 1888 இல் திருத்தணியில் பிறந்து, திருப்பதியில் பள்ளிக்கல்வி பயின்ற டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்களின் பெயருக்கு முன் நிற்கும் சர்வபள்ளி, அவர் பிறந்த ஊரன்று. முன்னோரின் ஊரைக் குறிக்கும் வீட்டுப் பெயர். திருத்தணி 1911 இல் புதிதாக அமைந்த சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1 ஆம் நாள் சென்னை மாநிலத்திற்கு வந்தது. திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரத்திற்குச் சென்றன. எல்லைக்கோடு இடம்பெயர்ந்ததே தவிர, அதன் இருபுறத்தும் வாழ்ந்தோரின் பெயர்கள் இடம்பெயரவில்லை. 2022 இல் திருப்பதி தனி மாவட்டமானபோதும் நிலை அதுவே.

இடர் வேறு திசையிலிருந்து வந்தது. பிறப்புப் பதிவேட்டில் ஒரு பெயருக்கே இடமுண்டு. 1969 ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, குழந்தையின் பெயரைக் குறிக்காமலேயே பிறப்பைப் பதியலாம். பெயரைப் பின்னர்ச் சேர்க்க, கட்டணமின்றி ஓராண்டு அவகாசம் உண்டு. கணவன் மனைவியர் இணங்கி வருவதற்கு அஃது போதுமான காலமே. ஆனால் சாமவைக்குக் கல்லில் கிடைத்த இரண்டாம் இடம், இக்காலத்துப் பிள்ளைக்குத் தாளில் கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு, தந்தை பெயரின் முதலெழுத்தை வீட்டுப் பெயரென எண்ணி விரித்தெழுதும் அலுவலகங்களும் உள்ளன. அவ்வாறு எழுதிவிட்டால், தந்தையின் பெயரே தலைமுறை தலைமுறையாகக் குடும்பப் பெயராகிவிடும்.

நாம் கூறிய இல்லத்துப் பிள்ளையின் சான்றிதழில் ஏழுமலை என்றே உள்ளது. ஆங்கில எழுத்தில் ழகரத்தை இருவேறு வகையாக எழுதிய இரண்டு ஆவணங்களுடன் அவர் இப்பொழுது ஐதராபாத்தில் பணிபுரிகிறார். ஊரிலிருந்து தாயார் தொலைபேசியில் அழைக்கும்போது மட்டும், அவர் இன்னமும் ஏடுகொண்டலுதான்.